ஆர்டர் குறைந்த மாதங்களில் தாக்குப்பிடிப்பது எப்படி? பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

இங்கே உள்ள கேள்விகள் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உரிமையாளர்களும் சூப்பர்வைசர்களும் தையல் தொழிலாளர்களும் என்னிடம் பல சமயங்களில் கேட்டவை. செக்கிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, லைன் எனப்படும் தையல் மெஷின் வரிசைக்குச் சூப்பர்வைசராக இருந்து, இப்போது உற்பத்தி மேலாளராக இருப்பவன் நான். ஆகவே மனநல மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முயலவில்லை. தொழிற்கூடத்தில் கண்டதையும் சட்டத்தில் உள்ளதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பணியிட மீள்திறன் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அது உண்மையில் என்ன?

அடி விழுந்த பிறகு பழைய நிலைக்கோ அதற்கு அருகிலோ திரும்பி வரும் ஆற்றலைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. எங்கள் ஊரில் அதற்குத் தாக்குப்பிடிப்பது என்று பெயர். வகுப்பெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தனிமனிதரின் குணமாகப் பேசுகிறார்கள்: இன்னாருக்கு மன உறுதி அதிகம், இன்னாருக்குக் குறைவு, குறைவாக இருப்பவர் மூச்சுப் பயிற்சி செய்து கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது போல. நான் பார்த்தவரை, ஒரே மனிதர் ஒரு கம்பெனியில் மூன்று மாத மந்தத்தை அமைதியாகக் கடந்திருக்கிறார். வேறொரு கம்பெனியில் இரண்டே வாரத்தில் நிலைகுலைந்து ஊருக்குக் கிளம்பியிருக்கிறார். ஆள் மாறவில்லை. அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பதை யார் சொல்கிறார்கள், சனிக்கிழமை சம்பளம் வருமா, குறைந்துபோன வேலையை யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்ற மூன்றும் மாறியிருந்தன. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த மூன்றைச் சுற்றியே இருக்கும்.

பொறுத்துப்போவது வேறு, தாக்குப்பிடிப்பது வேறு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வாரச் சம்பளப் பாக்கியை வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து "நல்ல மன உறுதி" என்று ஒரு நிர்வாகி பாராட்டியதை நேரில் கேட்டிருக்கிறேன். பாராட்டப்பட்டவர் அன்று மதியச் சாப்பாடு கொண்டுவரவில்லை.

நெருக்கடி எல்லாத் தொழிலுக்கும் வருவதுதானே, திருப்பூரை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையிலிருந்து அடி வாங்கிய ஊர் என்பதால்தான். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஊருக்குள்ளேயே எழுந்த நெருக்கடி. 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் ஆறு மாசடைந்தது தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவையும் அதனால் பாழான விவசாய நிலங்களையும் பார்த்தவர்கள் அந்த உத்தரவில் நியாயம் இருந்ததை மறுக்க மாட்டார்கள். ஆனால் துணிக்குச் சாயம் ஏறாவிட்டால் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லாவிட்டால் தையல் இல்லை என்பதால் மூடிய பட்டறைகளோடு அடி நிற்கவில்லை, வரிசையாக எல்லோர் மீதும் விழுந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது ஆர்டர் இருந்தது, சனிக்கிழமை கூலி கொடுக்கச் சில்லறைதான் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டு வாங்குவோர் பலர் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றார்கள். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலையைத் தாங்க முடியாமல் ஊரே கடையடைத்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது, தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

இவற்றில் எதையும் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் உண்டாக்கவில்லை, அவரால் தடுத்திருக்கவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் "மனதைத் தளரவிடாதீர்கள்" என்ற அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆர்டர் ரத்தாகிவிட்டது. இதைத் தொழிலாளர்களிடம் சொல்வதா, நிலைமை தெளியும்வரை காத்திருப்பதா?

சொல்லிவிடுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். உரிமையாளர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு: "இப்போதே சொன்னால் நாளைக்கு நல்ல டெய்லர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்" என்பார்கள். சிலர் போவார்கள்தான். ஆனால் விஷயம் தெரியாமல் இருக்கும் என்று நினைப்பது தவறு. துணி வரும் வண்டி இரண்டு நாளாக வரவில்லை என்பதைக் கேட்டில் நிற்பவர் கவனிப்பார். கட்டிங் மாஸ்டர் மதியமே வீட்டுக்குப் போவதைப் பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் கவனிப்பார்கள். மாலைக்குள் பேக்கரியில் டீ குடிக்கும் எல்லோரும் கம்பெனி மூடப்போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை அவரவர் அச்சத்துக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் உண்மை நிலையைவிட மோசமாகவே இருக்கும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் தேவை. தெரிந்தது எது, தெரியாதது எது, தெரியாதது எப்போது தெரியவரும் என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "இந்த வாரமும் அடுத்த வாரமும் ஒரு ஷிப்ட் வேலை உறுதி, அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி வியாழக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன்" என்று ஒரு முதலாளி மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டூல் மீது ஏறி நின்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை வந்தபோது அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இருந்தும் வந்து நின்று, "இன்னும் பதில் வரலீங்க, திங்கட்கிழமை சொல்றேன்" என்றார். எனக்குத் தெரிந்து அந்த மாதம் அங்கிருந்து போனவர்கள் மிகச் சிலர். சொல்ல எதுவும் இல்லாத நாளில் வந்து நின்றதற்கு, நல்ல செய்தி சொன்ன நாளைவிட மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய்த்துப்போனால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேலையைவிட்டு யாரையும் நிறுத்தவில்லை, ஷிப்டைத்தான் குறைத்திருக்கிறோம். அப்படியும் ஏன் இவ்வளவு பதற்றம்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை எல்லாவற்றையும் ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை வைத்தே திட்டமிட்டிருக்கின்றன. ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்கு 4,500 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 3,000 வரும். மூன்றில் ஒரு பங்கு வருமானம் போய்விட்டது, ஆனால் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் வேலை இழந்தவர் ஆக மாட்டார். கம்பெனி ரெஜிஸ்டரில் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் அடுப்பு எரிவது குறைந்திருக்கிறது. "வேலைதான் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் மௌனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆள்களைக் குறைப்பது, எல்லோருக்கும் வேலையைக் குறைத்துப் பகிர்வது, இரண்டில் எது நல்லது?

மந்தம் சில மாதங்களில் தீரும் என்று நம்பக் காரணம் இருந்தால் பகிர்வதே நல்லது. தீராது என்று தெரிந்தால், பகிர்வு என்ற பெயரில் எல்லோரையும் சிறுகச் சிறுகப் பட்டினி போடுவதைவிட, உரிய இழப்பீடு கொடுத்துச் சிலரை விடுவிப்பது நேர்மையானது. ஜெர்மனியில் இதற்கென ஒரு அரசு ஏற்பாடே உண்டு. நிறுவனம் வேலை நேரத்தைக் குறைக்கும்போது, குறைந்த ஊதியத்தின் ஒரு பகுதியை வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடுகட்டும். 2020 ஏப்ரலில் அங்கே சுமார் 60 லட்சம் பேர் இந்த ஏற்பாட்டின்கீழ் வேலையில் தொடர்ந்தார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததால் பகிர்வின் முழுச் செலவையும் தொழிலாளிதான் சுமக்கிறார் என்பதை மறக்காமல் பேச வேண்டும்.

பகிர்வதென்று முடிவு செய்தால் முறை வைத்துப் பகிருங்கள். எந்த லைன் எந்தக் கிழமைகளில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். தாள் ஒட்டாத இடத்தில் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்கே வேலை போகிறது என்ற பேச்சு எழும்; பல சமயம் அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கும். வருமானக் குறைவைத் தாங்கிக்கொண்டவர்கள்கூடப் பாரபட்சத்தைத் தாங்கமாட்டார்கள். அதோடு, வேலை இல்லாத நாள் எது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாளில் அவர் வேறு கூலி வேலை தேடிக்கொள்ள முடியும். காலை எட்டரைக்கு கேட்டில் வைத்து "இன்னிக்கு வேலை இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினால் அந்த நாளும் போகும், பஸ் காசும் போகும்.

பணப்புழக்கம் நின்றுவிட்டது. சனிக்கிழமைச் சம்பளத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் என்ன?

தள்ளிப்போடக் கூடாது. நூல் கடையில் கடன் சொல்லலாம், டையிங் பில்லுக்குத் தவணை கேட்கலாம், வங்கியில் போய் உட்காரலாம். சனிக்கிழமைக் கூலியை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். மற்றவர்களிடம் கடன் சொன்னால் அவர்கள் இன்னொருவரிடம் கடன் சொல்லிச் சமாளிப்பார்கள். தையல்காரர் யாரிடம் போய்ச் சொல்வார்? வட்டிக்காரரிடம் போவார். அன்று வாங்கும் கடனின் வட்டி, உங்கள் நிலைமை சரியான பிறகும் அவரைத் துரத்திக்கொண்டிருக்கும்.

முழுச் சம்பளம் கொடுக்கவே முடியாத வாரம் வந்தால், வெள்ளிக்கிழமையே சொல்லி, எவ்வளவு இப்போது, மீதி எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். குறைந்த கூலி பெறுபவர்களுக்கு முதலில் முழுதாகக் கொடுத்துவிட்டு, மேலாளர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் பின்னால் வாங்கிக்கொள்வதுதான் முறை. ஒருமுறை நாங்கள் அப்படிச் செய்தோம். என் வீட்டில் அதற்காக நான் கேட்ட பேச்சு தனிக்கதை.

தீபாவளி போனஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், தகுதியுள்ள தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டும். அது முதலாளி மனமுவந்து தரும் பரிசு என்பதுபோலப் பேசுவதை நிறுத்தினாலே ஒரு பாதிப் பிணக்கு தீரும்.

வேலை நிறுத்தி வைக்கப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ தொழிலாளிக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றி, பெயர் பதிவேட்டில் உள்ள தொழிலாளியை, வேலை இல்லை என்று நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நிரந்தரமாகக் குறைப்பதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. முன்பு நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகள் ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. புதிய சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டதால், திருப்பூரின் நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இப்போது இல்லை.

இவையெல்லாம் பெயர் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத்தான். காண்ட்ராக்டர் வழியாகப் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வருபவர்களில் பலருக்கு எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் பெயர் இருப்பதில்லை, மந்தம் வந்தால் முதலில் நிற்பதும் அவர்களேதான். எனவே வேலை நன்றாக நடக்கும் மாதத்திலேயே ஈ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். எண்ணும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். இந்தச் சிறு தொகைக்கு மருத்துவம் மட்டுமல்லாமல், வேலை இழந்தவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரி ஊதியத்தில் பாதியைத் தரும் உதவித் திட்டம் ஒன்றும் 2018 முதல் இருந்துவருகிறது. அது அவ்வப்போது கால நீட்டிப்புப் பெறும் திட்டம் என்பதால் விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் தாமாக விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் அது கிடைக்காது. ஆதலால் கணக்கு முடிக்கும்போது நீட்டப்படும் தாளைப் படிக்காமல், அல்லது படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பி.எஃப். பணத்தை முழுவதுமாக எடுத்துக் கணக்கை முடிப்பதையும் கூடுமானவரை தவிருங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். ஏழெட்டு ஆண்டில் எடுத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிய பலரை எனக்குத் தெரியும்.

நான் லைன் சூப்பர்வைசர். மேலே இருந்தும் பேச்சு, கீழே இருந்தும் பேச்சு. எனக்கு யார் ஆறுதல் சொல்வது?

நெருக்கடிக் காலத்தில் ஒரு கம்பெனியில் அதிகம் நொறுங்குவது உங்கள் இடம்தான் என்று நான் நினைக்கிறேன். வேலையின் அழுத்தம் அதிகமாகவும், அந்த வேலையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதுதான் மன இறுக்கம் மிகுதியாகிறது என்று 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். சூப்பர்வைசர் வேலையை அவர் நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கும். யாரை வரச் சொல்வது, யாரை வேண்டாம் என்பது என்ற முடிவு உங்களுடையது அல்ல, ஆனால் "அண்ணா, அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்குங்களா?" என்ற கேள்வி உங்களிடம்தான் வருகிறது.

உங்களுக்குச் சொல்ல அதிகாரம் இல்லாததற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "எனக்குத் தெரியலீங்க, கேட்டுட்டு மதியம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மதியம் உண்மையிலேயே போய்ச் சொல்லுங்கள். மேலாளரிடம், வார வேலைப் பட்டியல் உங்கள் கையெழுத்தில் இல்லாமல் நிர்வாகத்தின் கையெழுத்தில் ஒட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். முடிவை எடுத்தவரே அதன் பழியையும் ஏற்கட்டும். பக்கத்து லைன் சூப்பர்வைசரோடு வாரம் ஒருமுறையாவது டீக்கடையில் மனம்விட்டுப் பேசுங்கள். அதே மூட்டையைச் சுமப்பவர் அவர் ஒருவர்தான்.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: சூப்பர்வைசரைத் தொழிலாளர்கள் முன்னால் ஏசாதீர்கள். அந்த ஏச்சு பத்து நிமிடத்தில் ஓவர்லாக் மெஷின்வரை போய்ச் சேர்ந்துவிடும்.

வேலை குறைந்தால் ஓய்வு கிடைக்கிறதுதானே? பிறகு ஏன் உடம்பும் மனமும் சோர்ந்துபோகின்றன?

வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர் இருக்கிறது. திருப்பூரைப் போலவே ஒரே தொழிலை நம்பிய ஊர். நூற்பும் நெசவும் நடந்த அதன் ஆலை 1929-30-இல் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவும் அந்த ஊருக்குப் போய், வேலை இழந்த குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று நுணுக்கமாகக் கவனித்து, 1933-இல் வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்ததால் மக்கள் அதிகம் படிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கலாம். நடந்தது நேர்மாறு: ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு ஆலைச் சம்பளம் போயிருந்தாலும் வீட்டு வேலை போகவில்லை, ஆகவே அவர்களுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு எஞ்சியிருந்தது. அன்றைய பொழுதை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர வேறெதையும் பல ஆண்களால் நினைவுகூர முடியவில்லை.

2020 ஊரடங்கில் அனுப்பர்பாளையம் பக்கம் வாடகை லைன் வீடுகளின் திண்ணையில் ஆண்கள் நாள் முழுவதும் செல்போனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை கூலியை மட்டும் தருவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு வடிவம், சந்திக்க நான்கு பேர், தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற நினைப்பு எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது. எனவே வேலை இல்லாத நாளிலும் வழக்கமான நேரத்தில் எழுந்து, குளித்து, ஏதேனும் ஒரு காரணத்துக்காக வெளியே போய் வருவது சின்ன விஷயமாகத் தோன்றினாலும் பலன் உள்ளது. கம்பெனிகளும், ஷிப்ட் இல்லாத வாரத்தில் ஒரு நாளாவது எல்லோரையும் வரவழைத்து மெஷின் துடைப்பு, எண்ணெய் விடுதல், புதிய சாம்பிள் பழகுதல் என்று கூலியோடு ஏதாவது வேலை கொடுக்கலாம். கூலி இல்லாமல் கூப்பிடுவதானால் கூப்பிடவே வேண்டாம்.

யோகா வகுப்பு, ஊக்கப் பேச்சு இவற்றுக்கு ஏற்பாடு செய்யலாமா?

சம்பளம் ஒழுங்காகப் போகும் கம்பெனியில் செய்யலாம், சிலருக்கு நன்மை உண்டு. சம்பளப் பாக்கி உள்ள கம்பெனியில் செய்தால் சிரிப்பார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒரு வதந்தி வந்தாலே கூட்டமாக ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்களே?

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் செல்போன்களில் பரவின. காவல்துறை மறுத்தது, பிகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது, பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. அதற்குள் பலர் ரயில் ஏறியிருந்தார்கள். அவர்கள் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. பேசத் தெரியாத மொழி சூழ்ந்த ஊரில், கம்பெனி விடுதியில் பத்துப் பேரோடு தங்கியிருப்பவருக்கு, தாயிடமிருந்து இரவு பதினொரு மணிக்கு அழுகையோடு போன் வந்தால் அவர் வேறு என்ன செய்வார்?

அந்த வாரம் ஆள்கள் அதிகம் கிளம்பாத கம்பெனிகளில் நான் கண்ட பொதுவான அம்சம், இந்தி அல்லது ஒடியா பேசும் ஒருவர் சூப்பர்வைசர் நிலையில் இருந்ததுதான். காண்ட்ராக்டர் அந்த இடத்தை நிரப்ப மாட்டார். அவருக்குச் சொந்தக் கணக்கு உண்டு. மந்தத்திலும் இதே கதைதான்: நோட்டீஸைத் தமிழில் மட்டும் ஒட்டினால் பாதிப் பேருக்கு நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். ஊருக்குப் போவதாக ஒருவர் முடிவு செய்தால் கணக்கை முழுதாகத் தீர்த்து, திரும்பி வந்தால் இடம் உண்டா இல்லையா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள்.

ஒருவர் மனமுடைந்திருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுகொள்வது? கண்டுகொண்டால் என்ன செய்வது?

அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலகலப்பானவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது, தையல் சுத்தமாக இருந்தவரின் பீஸ்கள் செக்கிங்கிலிருந்து திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சொல்லுக்குச் சண்டைக்குப் போவது, சனிக்கிழமை இரவுக் குடி வார நாளுக்கும் நீள்வது, "நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன" என்பது போன்ற பேச்சு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் அதை வெறும் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். தனியாக அழைத்து, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாமல், வீட்டாருக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம். இரண்டு எண்களையும் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நோட்டீஸ் பலகை முன்னால் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது.

பிற கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். பத்து மெஷின். எல்லோரும் தொழிலாளியைப் பற்றியே பேசுகிறார்கள், என் நிலைமை?

உங்கள் நிலைமை பல சமயம் உங்களிடம் தைப்பவரின் நிலைமையைவிட மோசம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குக் கூலிப் பாக்கி இருக்கலாம், உங்களுக்கு மெஷின் கடன், கட்டட வாடகை, மின் கட்டணம் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மன அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராதது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தரப்பட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுத்த ஆண்டில் மட்டுமே வாங்கியவர் தம் செலவாக வருமான வரியில் காட்ட முடியும் என்ற விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. இவை பயன்பட உங்களுக்கு உத்யம் என்ற அரசின் சிறுநிறுவனப் பதிவு வேண்டும், டெலிவரி சலானும் பில்லும் வேண்டும். வாய்ச்சொல்லில் வேலை எடுத்துவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. ஆர்டர் கொடுப்பவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பீர்கள். ஒரே ஆளிடம் முழு வேலையும் வாங்கினால் முடியாதுதான். இரண்டு மூன்று இடங்களில் வேலை எடுப்பது லாபத்தைச் சற்றுக் குறைத்தாலும் தூக்கத்தைக் கெடுக்காது.

மந்தமான மாதங்களில் தொழிலாளி எதைக் கற்றுக்கொள்வது பயன் தரும்?

ஓவர்லாக் மெஷின் மட்டும் ஓட்டுபவர் பிளாட்லாக் மெஷினும், பிளாட்லாக் ஓட்டுபவர் சிங்கர் மெஷினும் பழகுவது. வேறெந்தச் சான்றிதழ் வகுப்பையும்விட இதற்கே என் ஓட்டு. இரண்டு மெஷின் தெரிந்தவரை லைன் மாற்றி உட்கார வைக்கலாம் என்பதால் ஆள் குறைக்கும்போது கடைசியில்தான் அவர் பெயர் வரும். செயற்கை இழைத் துணி தைக்கப் பழகுவதும் நல்லது. ஊர் பருத்தியையே நம்பி வளர்ந்ததால் வழுக்கும், இழுபடும் துணியில் கை பழகியவர்கள் இன்னும் குறைவு.

ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?

முதல் மாதம்தான் ஆபத்தானது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று நிர்வாகம் இரண்டு ஷிப்ட் ஓட்டச் சொல்லும். கடன் அடைக்க வேண்டும் என்று தொழிலாளியும் சம்மதிப்பார். மூன்றாவது வாரத்தில் ஊசி விரலில் ஏறும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கூலி என்பது சட்டம். அதைக் கொடுத்தால் தேவையில்லாத கூடுதல் நேரம் தானாகவே குறைவதைக் காண்பீர்கள்.

ஆள் எடுப்பதானால், நீங்கள் குறைத்தவர்களை முதலில் கூப்பிடுங்கள். ஓராண்டுக்குள் அவர்களுக்கே முன்னுரிமை என்று சட்டமும் சொல்கிறது. அனுப்பும்போதே பெயர், என்ன மெஷின், போன் நம்பர், சொந்த ஊர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இது எளிது. எங்கள் நோட்டில் சூப்பர்வைசர் ஒருவர் இன்னொரு பத்தியும் போட்டிருந்தார், "பாக்கி" என்ற தலைப்பில். யாருக்கு எவ்வளவு தரவேண்டியிருந்தது, எந்தத் தேதியில் கொடுத்து முடித்தோம் என்ற விவரம். கூப்பிடுவதற்கு முன் அந்தப் பத்தியைத்தான் முதலில் பார்ப்போம். அதில் தேதி விழாத பெயருக்கு நேராகப் போன் நம்பர் இருந்தும் பயன் இல்லை, எடுக்க மாட்டார்கள்.